ஜூன் முப்பத்தொண்ணு

ஈரோட்டு மணிக்கூண்டுப் பக்கம்
நிறுத்தக்கூடாத இடத்தில்
என்ற ஸ்கூட்டியை நிறுத்தியதற்கு
ரூபாய் ஐந்நூறு.
ரசீதில் பேர் கோகிலவானி.
மூணு சுழியில் ஒரு சுழியைப்
போலீஸ் வைத்துக்கொண்டது.
போகட்டும்,
ரேஷன் கார்டிலேயே அது
தேய்ந்துதான் கிடக்கிறது.

தேதியில்தான் கண் நின்றது.
31.06.

இருபத்திரண்டு வருசமாய்
ஆடிட்டர் ஆபீசில் பில் பார்க்கிறவள் நான்.
மஞ்சள் மண்டியோ தறிக்குடோனோ
பவானி ஜமக்காளக்காரரோ
எவர் பையைக் கவிழ்த்தாலும்
முதலில் தேதி, அப்புறந்தான் தொகை.
தேதி பிசகிய பில்லை
ஒற்றை விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளுவேன்.
நாலு மில் வைத்திருப்பவர்கள்கூட
எழுந்து போய் மாற்றி வாங்கி வந்திருக்கிறார்கள்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.
"இல்லாத நாள்ல எப்படீங்க வண்டி நிக்கும்?"
"ஐந்நூறுக்கு அரை நாள் லீவா?"
அரை நாள் சம்பளப் பிடித்தம் நானூற்றுப் பத்து.
அந்தக் கணக்கும் போட்டுவிட்டுத்தான்
போனேன்.

ரைட்டர் ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"வண்டி உங்களுதா?"
"ஆமாங்க."
"நிறுத்துனீங்களா?"
"ஆறு நிமிசமுங்க. பத்திரம் வாங்க."
"அப்பக் கட்டீட்டுப் போங்க அம்மணி."
"எந்த நாளுக்குங்க?"

கை முட்டிகளை மடக்கி
மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று
தொட்டுத் தொட்டு வந்தார்.
ஜூன் பள்ளத்தில் விழுந்தது.
"உக்காருங்க" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து
அந்த நாளைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன்.
வட்டி ஏறாத நாள்.
சீட்டுக்காரர் பெல் அடிக்காத நாள்.
எந்தத் தவணைக்கும் கடைசி நாள் இல்லை.
அப்படியொரு பகலில்
மணிக்கூண்டு ஓரம் என் வண்டி மட்டும்
சைடு ஸ்டேண்டில்
சாய்ந்து நிற்கிறது.

பிறகு செங்கோட்டுவேலு வந்தார்.
எழுதிய கை அவருடையது.
ரசீதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்,
யாரோ எழுதியதைப் படிப்பதுபோல.
"முப்பதாந் தேதி காலைல
ஷூவ மாட்டுனனுங்க.
ராத்திரி செக்போஸ்ட்டு.
விடிஞ்சதும் அப்படியே மணிக்கூண்டுக்குப் போட்டுட்டாங்க.
வீட்டுக்குப் போகலீங்.
முப்பதுக்கு அடுத்தது
முப்பத்தொண்ணுதானுங்களே..."
சொல்லும்போதே அவருக்கே
தப்பு தெரிந்து, நிறுத்திக்கொண்டார்.

ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.
"அங்க நிறுத்தவே இல்லைன்னு எழுதிக் குடுங்க.
ரத்துப் பண்ணீரலாம்.
இவனுக்கு ஒரு மெமோ வரும், வரட்டும்."

பேனா நல்ல பேனா.
என் பேரை மூணு சுழியோடு எழுதினேன்,
'ஐயா' என்றும் எழுதினேன்.
அடுத்த வரி வரவில்லை.

"தப்பு நடந்ததுங்க" என்றேன்.
"நாள்தான் நடக்கல."

ரைட்டர் தலையைச் சொறிந்தார்.
இப்படி வந்தவர் யாரும் இல்லை போல.
கடைசியில் பழைய ரசீதின் குறுக்கே
இரண்டு கோடு இழுத்து
'எழுத்துப் பிழை' என்று எழுதச் சொன்னார்.
புதுசு போடச் சொன்னார்.
மெமோவைப் பற்றி அப்புறம்
யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்நூறும் நானூற்றுப் பத்தும்
தொள்ளாயிரத்துப் பத்து.
ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது?

செங்கோட்டுவேலு கார்பனைச் சரிபார்த்து
மெதுவாக எழுதினார்.
வண்டி எண். இடம். ஒன்று, ஏழு.
பேரில் சுழியைப் போடப் போட
வாய்க்குள் எண்ணினார்.
கையெழுத்துப் போட்டு
அதன் கீழே பேனாவை வைத்தவர்
தலை தூக்காமலே கேட்டார்:

"இன்னைக்கு என்னங்க தேதி?"

எனக்கும்
சட்டென்று வரவில்லை.